கடன் வாங்கிய மெட்டு: ரேண்டி ரெயின்போவை முன்வைத்துப் பகடி பற்றிச் சில குறிப்புகள்

2020 ஏப்ரல் கடைசி வாரம். ஊரடங்கு. தொழிற்சங்கத் தோழர் ஒருவர் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு வீடியோ அனுப்பினார். கூடவே 'பாத்துட்டு சொல்லுங்க' என்று ஒரு வரி. கிருமிநாசினியை உடம்புக்குள் செலுத்திப் பார்க்க முடியுமா என்று டொனால்ட் ட்ரம்ப், அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி, வெள்ளை மாளிகைப் பத்திரிகையாளர் கூட்டத்தில் மருத்துவ அதிகாரிகளை வைத்துக்கொண்டே கேட்டது அந்த மாதம் 23ஆம் தேதி. அதற்குப் பிறகு சில நாட்களுக்குள் நியூயார்க்கில் ஒரு நகைச்சுவைக் கலைஞர் அதைப் பாட்டாக்கிவிட்டார். பெயர் ரேண்டி ரெயின்போ. இளஞ்சிவப்பு மூக்குக்கண்ணாடி, மிகையான கண்சிமிட்டல், துல்லியமான குரல். பாட்டின் பெயர் 'ஒரு கரண்டி க்ளோராக்ஸ்'. க்ளோராக்ஸ் என்பது அங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் சலவை வெளுப்பான்.

சிரித்தேன். ஆனால் பாதிச் சிரிப்புத்தான் வந்தது. எதையோ தவறவிட்டுவிட்டோம் என்ற உறுத்தல். காரணம் பிறகு தெரிந்தது. மெட்டு எனக்குப் பழக்கமில்லாதது. 1964இல் வந்த 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவள் பாடுகிற பாட்டு அது. மருந்தோடு சர்க்கரை சேர்ந்தால் உள்ளே இறங்கிவிடும் என்பது அதன் சாரம். தேடிப்பிடித்து நாலு தரம் கேட்டேன். அப்புறம் மறுபடி வீடியோவைப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் வெடிக்கிறது. சர்க்கரை இருந்த இடத்தில் விஷம். குழந்தைக்கு மருந்து கொடுக்கும் தாதியின் இடத்தில் நாட்டுக்கு மருந்து சொல்லும் ஜனாதிபதி.

இந்தப் 'பாதிச் சிரிப்பு' அனுபவத்திலிருந்துதான் இக்குறிப்புகளை எழுதுகிறேன். பகடிப்பாட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை ஊர்க்காரனைவிட அந்நியன் சுலபமாகப் பார்த்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊர்க்காரன் சிரித்துவிட்டுப் போய்விடுகிறான். அந்நியன்தான் ஏன் சிரிக்க முடியவில்லை என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

ரெயின்போ என்ன செய்கிறார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சியில் வந்த நேர்காணல், பத்திரிகையாளர் கூட்டம், மேடை விவாதம் ஆகியவற்றின் துண்டுகளை எடுத்துக்கொள்கிறார். கேள்வி கேட்ட நிருபரை வெட்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் தன்னை ஒட்டிக்கொள்கிறார். பின்னால் பச்சைத் திரை இருந்தால் வெள்ளை மாளிகையும் வரும், கடற்கரையும் வரும். அரசியல்வாதி தன் வாயால் சொன்னதையே சொல்வான். ஒரு சொல்லும் மாற்றப்படுவதில்லை. கேள்வி மட்டும் மாறிவிடுகிறது. உண்மையான பதில், பொய்யான கேள்வி. இரண்டும் உரசும்போது ஒரு புள்ளியில் பின்னணி இசை எழும்பி அவர் பாட ஆரம்பித்துவிடுவார். எழுதுவது, பாடுவது, நடிப்பது, வெட்டி ஒட்டுவது எல்லாம் பெரும்பாலும் ஒற்றை ஆள் வேலை, அதுவும் தன் குடியிருப்பில் வைத்து.

இந்த ஒட்டுவேலையை அவர் 2010இலேயே தொடங்கிவிட்டார். நடிகர் மெல் கிப்சன் தன் முன்னாள் துணையைத் தொலைபேசியில் ஏசிய ஒலிப்பதிவு வெளியே கசிந்தபோது, அந்த ஏச்சுக்கு மறுமுனையில் காதலனாகத் தன்னை வைத்துக்கொண்டு ஒரு வீடியோ செய்தார். ஓரளவு பேசப்பட்டது. பெரிய புகழ் வந்தது 2016 செப்டம்பரில். ட்ரம்ப், ஹிலாரி கிளின்டன் முதல் விவாதத்தில் ட்ரம்ப் தன் வருமானம் பற்றிச் சொல்லும்போது, தற்பெருமையாகச் சொல்லவில்லை என்பதற்கு ஒரு விநோதமான நீண்ட சொல்லைப் போட்டார். அதே 'மேரி பாப்பின்ஸ்' படத்தில், எந்த அர்த்தமும் இல்லாத இதைவிட நீண்ட சொல்லை வைத்து ஒரு பாட்டு உண்டு. ரெயின்போ இரண்டையும் முடிச்சுப் போட்டார். சில நாட்களில் கோடிக்கும் மேற்பட்ட தடவை பார்க்கப்பட்டது. அதன் பிறகு ட்ரம்ப் ஆட்சியின் ஒவ்வொரு கோமாளித்தனத்துக்கும் ஒரு பாட்டு என்று ஆகிவிட்டது. 2019இலிருந்து எம்மி விருதுப் பரிந்துரைகள், பெரிய அரங்குகளில் சுற்றுப்பயணம், 2022இல் சுயசரிதை. வாழ்க்கைக் குறிப்பு இவ்வளவு போதும்.

இப்போது மெட்டுக்கு வருவோம்.

நம்மூரில் இதற்கு 'உல்டா பாட்டு' என்று பெயர். பள்ளிக்கூடத்துப் பையன்கள் சினிமாப் பாட்டில் வாத்தியார் பெயரை நுழைத்துப் பாடுவது. எல்லோரும் செய்திருக்கிறோம். யாப்பு படித்தவன் என்கிற முறையில் ஒன்று சொல்ல வேண்டும்: நல்ல உல்டா பாட்டு என்பது சீர் பிசகாதது மட்டுமல்ல, மூலத்தின் எதுகையையும் ஒலியையும் எவ்வளவு கிட்டத்தில் தொட்டுக்கொண்டு போகிறதோ அவ்வளவு சிரிப்பு. ஒரே ஓர் எழுத்து மாறி அர்த்தம் தலைகீழானால் அதுதான் உச்சம். ஏனென்றால் கேட்பவன் ஒரே நேரத்தில் இரண்டு பாட்டுகளைக் கேட்கிறான். ஒன்று காதில் விழுவது, இன்னொன்று நினைவில் ஓடுவது. சிரிப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் பிறக்கிறது. நினைவில் ஓட ஒன்றுமில்லாத என்னைப் போன்றவனுக்கு ஏப்ரல் ராத்திரியில் கிடைத்தது ஒற்றைப் பாட்டு மட்டும்.

ஆக, பகடி ஒரு வேலி போடுகிறது. மெட்டைத் தெரிந்தவர்கள் உள்ளே, மற்றவர்கள் வெளியே. உள்ளே இருப்பவர்களுக்கு 'நாம்' என்கிற கதகதப்பும் கிடைத்துவிடுகிறது. ரெயின்போவின் மெட்டுகள் பெரும்பாலும் பிராட்வே இசைநாடகங்களிலிருந்தும் பழைய இசைப்படங்களிலிருந்தும் வருபவை. இது தற்செயலல்ல. ஒருபால் காதல் குற்றமாகவும் நோயாகவும் கருதப்பட்ட காலத்தில் அமெரிக்க நகரங்களின் ஓரினக் காதலர்கள் தங்களுக்குள் அடையாளம் கண்டுகொள்ள வைத்திருந்த ரகசிய மொழிகளில் பிராட்வே பாட்டும் ஒன்று. மிகை, பாவனை, அலங்காரம் ஆகியவற்றைக் கொண்டாடும் இந்த ரசனை பற்றி சூசன் சொன்டாக் 1964இல் எழுதிய 'கேம்ப்' குறிப்புகள் இன்றைக்கும் வாசிக்கப்படுகின்றன. ரெயின்போ தன்னை ஒளித்துக்கொள்ளாத ஓரினக் காதலர். ஆண்மையை விளம்பரப் பலகைபோல் தூக்கிப் பிடித்த ஓர் அதிகாரத்தின் முன்னால், ஒரு காலத்தில் மறைந்திருந்து பாடியவர்களின் மெட்டில், கண்சிமிட்டிக்கொண்டு நிற்கிறார். வரிகளில் என்ன இருந்தாலும் அந்த நிற்றலே ஓர் அரசியல். இதை ஒத்துக்கொள்ளாமல் மேலே போவது நியாயமாகாது.

ஆனால் அதே 2020இல் இன்னொரு பாட்டு வந்தது. அதுதான் என்னைக் குடைந்தது.

நியூயார்க் மாநில ஆளுநராக இருந்த ஆண்ட்ரூ கோமோ அந்த மாதங்களில் தினமும் தொலைக்காட்சியில் தோன்றி கொரோனா நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தார். ட்ரம்பின் உளறலுக்கு எதிரே நிதானமான தகப்பன் குரல். தாராளவாத அமெரிக்கா அவரிடம் மயங்கிப்போயிற்று. ரெயின்போ 'கிரீஸ்' இசைப்படத்தில் காதலி சாண்டியை நினைத்துக் காதலன் உருகும் பாட்டை எடுத்தார். முதல் எழுத்தைத் தட்டிவிட்டால் ஆண்டி. ஆளுநரை நோக்கிய காதல் பாட்டு தயார். நான் மேலே சொன்ன 'ஓர் எழுத்து' உச்சம் இதில் இருக்கிறது. தொழில் சுத்தம்.

பிறகு நடந்ததைத் தேதியோடு சொல்கிறேன். கொரோனா நோயாளிகள் என்பதற்காக யாரையும் முதியோர் பராமரிப்பு இல்லங்கள் திருப்பி அனுப்பக்கூடாது என்று அவருடைய நிர்வாகம் 2020 மார்ச் 25இல் உத்தரவு போட்டிருந்தது. அந்த இல்லங்களின் சாவுக் கணக்கைச் சுகாதாரத் துறை வெகுவாகக் குறைத்துக் காட்டியிருக்கலாம் என்று மாநில அட்டர்னி ஜெனரல் லெடிஷியா ஜேம்ஸின் அறிக்கை 2021 ஜனவரியில் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் அவருடைய அலுவலகத்தின் இன்னொரு அறிக்கை, கோமோ பதினொரு பெண்களிடம் பாலியல் சீண்டலில் ஈடுபட்டதாக முடிவுக்கு வந்தது. தவறு செய்யவில்லை என்று மறுத்துக்கொண்டே கோமோ அந்த மாதமே பதவி விலகினார். தொலைக்காட்சித் தோற்றங்களுக்காக அவருக்குக் கொடுத்திருந்த சர்வதேச எம்மி விருது திரும்பப் பெறப்பட்டது.

கணிக்கத் தவறிவிட்டார் என்று ரெயின்போ மேல் வழக்குப் போடுவது என் நோக்கமல்ல. யார்தான் கணித்தார்கள்? என் கேள்வி வடிவம் பற்றியது. க்ளோராக்ஸ் பாட்டும் ஆண்டி பாட்டும் ஒரே கருவியால் செய்யப்பட்டவை. அதே வெட்டல், அதே ஒட்டல், அதே நினைவுக் கதகதப்பு. ஒன்று அதிகாரத்தை எள்ளுகிறது, இன்னொன்று அதிகாரத்தின் மடியில் உட்கார்ந்துகொள்கிறது. கருவிக்குள் எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்றால், முதல் பாட்டில் நாம் 'விமர்சனம்' என்று நினைத்தது உண்மையில் என்ன?

தொல்காப்பியம் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாக வசை சொல்வது செம்பொருள், வசையை மறைத்து வைப்பது பழிகரப்பு. 'ஆண்டி' பாட்டைப் பழிகரப்பு என்று சொல்லித் தப்பிக்கலாம். காதல்போல் நடித்து உண்மையில் கோமோ மயக்கத்தைத்தானே கிண்டல் செய்கிறார் என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். இருக்கலாம். இரண்டு தடவை அந்தக் கண்ணோடு பார்த்தேன். கிண்டல் கொஞ்சம் இருக்கிறது, பாடுகிறவர் தன்னையே செய்துகொள்கிற கிண்டல். ஆளுநர் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை.

இங்கே அமெரிக்கச் சட்டம் எதிர்பாராத உதவிக்கு வருகிறது. ராய் ஆர்பிசனின் 1964ஆம் ஆண்டுக் காதல் பாட்டு ஒன்றை '2 லைவ் க்ரூ' என்ற ராப் குழு கொச்சையாக உல்டா செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1994இல் ஒருமனதாகத் தீர்ப்பு: காசுக்காகச் செய்த பகடி என்பதாலேயே அது திருட்டு ஆகிவிடாது, நியாயமான பயன்பாடாக இருக்க முடியும். தீர்ப்பை எழுதிய நீதிபதி சூட்டர் அதில் ஒரு கோடு கிழிக்கிறார். மூலப் படைப்பையே குறிவைப்பது பகடி. அதற்கு மூலத்தைக் கடன் வாங்கியே ஆக வேண்டும். மூலத்தைச் சும்மா வாகனமாக்கி வேறெதையோ திட்டுவது அங்கதம். அது ஏன் அடுத்தவன் மெட்டில் வர வேண்டும் என்பதற்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டும்.

வக்கீல்களுக்கு இது காப்புரிமைக் கோடு. எனக்கு அழகியல் கோடாகத் தெரிகிறது. ரெயின்போவின் பெரும்பாலான பாட்டுகள் இந்தக் கணக்கில் பகடி அல்ல. 'மேரி பாப்பின்ஸ்' மேல் அவருக்கு எந்தச் சண்டையும் இல்லை. அந்த மெட்டின் இனிமையை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குள் ட்ரம்பை உட்கார வைத்துத் துரத்துகிறார். பாட்டு முடிந்ததும் ட்ரம்ப் அசிங்கமாகத் தெரிகிறான், பழைய பாட்டு இன்னும் அழகாகத் தெரிகிறது. 'இப்படி ஒரு நாடாக இருந்தோமே' என்கிற ஏக்கம் உள்ளே இறங்கிவிடுகிறது, சர்க்கரையோடு. அப்படி ஒரு நாடு எப்போது இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

பகடி என்பது விமர்சன தூரத்தோடு திரும்பச் செய்தல் என்று லிண்டா ஹட்சன் எண்பதுகளில் எழுதினார். கூடவே, பகடி தான் கிண்டலடிக்கும் மரபைக் காப்பாற்றியும் வைக்கிறது என்றார். அதன் இரட்டை வேஷம் அது. பக்தினின் திருவிழாச் சிரிப்பை மட்டும் பிடித்துக்கொண்ட நாம் இந்த இரண்டாவது பாதியைச் சௌகரியமாக மறந்துவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம். சிரித்தாலே அதிகாரம் ஆட்டம் கண்டுவிடும் என்று நம் பத்திரிகைகளில் எத்தனை கட்டுரைகள்! ட்ரம்ப் 2024இல் மறுபடி ஜெயித்தார். எட்டு வருஷப் பாட்டுகளுக்குப் பிறகு.

மூலத்தோடு சண்டை போடுகிற பகடி எப்படி இருக்கும்? வெகுதூரம் போக வேண்டியதில்லை. அதைச் செய்தவரும் ஒரு நகைச்சுவை நடிகர்தான். என்.எஸ். கிருஷ்ணனின் 'கிந்தனார்' காலட்சேபம். 1949இல் 'நல்லதம்பி' படத்திலும் இடம்பெற்றது. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் கதை சிதம்பரத்துக்குப் போகத் தவிக்கிறது, நெருப்பில் இறங்கி முடிகிறது. கிந்தனுக்குச் சிதம்பரம் வேண்டாம், படிப்பு வேண்டும். ரயிலேறிப் பட்டணம் போகிறான். கலைவாணர் வெறும் மெட்டையா கடன் வாங்கினார்? காலட்சேப வடிவத்தையே, அந்தப் பாகவதர் பாணியையே, பக்தர்கள் கண்ணீர் விடுகிற இடத்தையே எடுத்துக்கொண்டு, 'அவன் ஏன் நெருப்பில் இறங்கணும்?' என்று கேட்டுவிட்டார். கிந்தனாரைக் கேட்டவன் அதற்கப்புறம் நந்தனார் காலட்சேபத்தைப் பழையபடி கேட்க முடியாது. ரெயின்போவைக் கேட்டவன் 'மேரி பாப்பின்'ஸைப் பழையபடியே, இன்னும் ஆசையோடு, கேட்கலாம்.

வாகனமாக மட்டும் பயன்படுகிற மெட்டு வீண் என்றும் நான் சொல்லவில்லை. 2015 ஜூலையில் சென்னைக் கலைஞர் சோஃபியா அஷ்ரஃப் நிக்கி மினாஜின் 'அனகோண்டா' மெட்டில் கொடைக்கானல் பாதரசம் பற்றி ஒரு ராப் பாட்டு வெளியிட்டார். 2001இல் மூடப்பட்ட ஹிந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலை, அதன் கழிவு, நோயில் கிடந்த முன்னாள் தொழிலாளர்கள். சூட்டர் கோட்டின்படி இதுவும் பகடி அல்ல. ஆனால் இங்கே மெட்டு செய்த வேலை வேறு. கொடைக்கானல் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களின் காதில், அவர்களுக்குத் தெரிந்த மெட்டைச் சாவியாக்கி, அவர்களுக்குத் தெரியாத செய்தியைத் திணித்தது. நிக்கி மினாஜே பகிர்ந்தார். நிறுவனத்தின் உலகத் தலைவர் பதில் சொல்ல வேண்டிவந்தது. ரெயின்போவின் பாட்டில் கேட்பவனுக்குத் தெரியாத செய்தி எதுவும் கிடையாது. செய்தி தெரியாவிட்டால் சிரிப்பே வராது. தெரிந்த மெட்டில் தெரிந்த செய்தி. கொடைக்கானல் பாட்டில் தெரிந்த மெட்டு, தெரியாத செய்தி. இந்த வித்தியாசத்தை நாம் கவனிக்க வேண்டும். 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டது 2016 மார்ச்சில். அதைப் பாட்டு வாங்கிக்கொடுத்தது என்று சிலர் எழுதினார்கள். பதினைந்து வருஷம் தெருவிலும் நீதிமன்றத்திலும் நின்றவர்களை மறைத்துவிட்டு அப்படிச் சொல்வது அயோக்கியத்தனம். கடைசித் தள்ளலில் பாட்டும் ஒரு கை கொடுத்தது, அவ்வளவுதான்.

ரெயின்போ பற்றி இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. 2020 ஆகஸ்டில் அவருடைய பத்து வருஷப் பழைய ட்விட்டர் குறிப்புகள் சில தோண்டி எடுக்கப்பட்டன. கறுப்பர்கள் பற்றி, திருநர் பற்றி மட்டமான ஜோக்குகள். மன்னிப்புக் கேட்டார், வெட்கப்படுவதாகச் சொன்னார். மன்னிப்பின் நேர்மையை அளக்க நான் யார்? ஆனால் அந்த ஜோக்குகளும் பாட்டுகளும் ஒரே பழக்கத்தில் முளைத்தவை என்று படுகிறது. வேலிக்கு உள்ளே இருப்பவர்களைச் சிரிக்க வைக்கத்தான் அவர் பழகியிருந்தார். வெளியே யார் நிற்கிறார்கள் என்பது பத்து வருஷத்தில் மாறியது.

என் சொந்தக் கதை ஒன்று. படித்து முடித்த புதிதில் ஒரு வீதி நாடகக் குழுவில் இருந்தேன். மணல் கொள்ளை பற்றி நாடகம். ஆற்றோரக் கிராமங்களில் போட்டோம். நடுவில் ஒரு பாட்டு வேண்டும் என்றார்கள், நான்தான் எழுதினேன். அந்த வருஷம் எல்லா டீக்கடையிலும் ஓடிக்கொண்டிருந்த ஒரு குத்துப்பாட்டின் மெட்டு. லாரி, பொக்லைன், கவுன்சிலர் எல்லாம் எதுகையில் கச்சிதமாக உட்கார்ந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு ஊரில் பாட்டு முடிந்ததும் கைதட்டல், விசில், 'இன்னொருவாட்டி' என்று கத்தல். மறுபடி பாடினோம். இரண்டாம் தரம் கூட்டமும் சேர்ந்து பாடியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் காது கொடுத்துக் கேட்டேன். அவர்கள் பாடிக்கொண்டிருந்தது என் வரிகளை அல்ல, சினிமா வரிகளை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா மட்டும் பாடவில்லை. நாடகம் முடிந்து சாமான்களை வண்டியில் ஏற்றும்போது பக்கத்தில் வந்து, 'ஏம்பா, அந்த லாரிக்காரன் பேரு இன்னான்னு பாட்டுல சொன்னீங்களா, எனக்கு வெளங்கல' என்று கேட்டார்.

பாட்டில் பெயர் இல்லை. வழக்கு வந்துவிடும் என்று குழுவில் பேசி எடுத்துவிட்டிருந்தோம். எதுகைக்கும் அது இடித்தது.